பேய்களுக்கு மோர்சிங்

டேவ் கார்சன் என்று ஒரு கோமாளி. 1860-களில் கல்கத்தாவில் வந்து இறங்கினார். முகத்தில் கரி பூசிக்கொண்டு, பாஞ்சோ தட்டிக்கொண்டு, அமெரிக்கத் தோட்டத்துக் கறுப்பு அடிமைபோலப் பாடி ஆடிக் காட்டுவது அவருடைய கோஷ்டியின் தொழில். இந்த ஊருக்கு வந்ததும் சரக்கைக் கொஞ்சம் மாற்றினார். வங்காளி பாபு வேஷம் போட்டார். குமாஸ்தா இங்கிலீஷ், துரையைக் கண்டதும் குழையும் முதுகு, எல்லாவற்றையும் பாட்டாக்கினார். சௌரங்கி வெள்ளைக்காரர்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானது. அந்தக் காட்சிக்குப் பெயர் 'டேவ் கார்சன் சாஹிப் கா பக்கா தமாஷா'.

பதில் 1873-ல் வந்தது. கொடுத்தவர் அர்தேந்துசேகர் முஸ்தஃபி. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், 1872 டிசம்பர் 7-ம் தேதி, சிட்பூரில் சான்யால் வீட்டு முற்றத்தில் டிக்கெட் போட்டு 'நீல் தர்ப்பண்' நாடகத்தோடு நேஷனல் தியேட்டர் தொடங்கியிருந்தது. அவுரித் தோட்டத் துரை உட் முதற்கொண்டு அதில் பல வேஷங்கள் முஸ்தஃபிக்கு. அதே மனிதர் இப்போது துரை உடுப்பில், கையில் வயலினோடு 'முஸ்தஃபி சாஹிப் கா பக்கா தமாஷா' நடத்தினார். நீ எங்கள் பாபுவைப் பாடினாயா, நான் உன் துரையைப் பாடுகிறேன். அன்றிலிருந்து ஊரார் அவரை 'சாஹிப்' என்றே கூப்பிட்டார்கள்.

ஜாஸும் நகைச்சுவையும் பற்றி எழுத உட்கார்ந்தவன் கரி பூசிய முகத்தில் ஏன் தொடங்குகிறேன் என்றால், ஜாஸ் வளர்ந்த மேடைகளில் அதுவும் ஒன்று. வெள்ளைக்காரர் கரி பூசி ஆடிய ஆட்டத்தைப் பிறகு கறுப்பர்களே சம்பளத்துக்கு ஆட வேண்டியிருந்தது. புளூஸின் தந்தை என்று பெயர் வாங்கிய டபிள்யூ. சி. ஹாண்டி 1890-களில் மஹாரா என்ற இப்படிப்பட்ட 'மின்ஸ்ட்ரல்' கோஷ்டியில்தான் கார்னெட் ஊதிக்கொண்டிருந்தார். வாத்தியம் வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, பல்லைக் காட்டவும் தெரிய வேண்டும். கூலியில் அதற்கும் ஒரு பங்கு.

*

லூயி ஆம்ஸ்ட்ராங்கின் சிரிப்பு. அந்த வெள்ளைக் கைக்குட்டை, உருட்டும் கண்கள். அடுத்த தலைமுறைக்கு இது பிடிக்கவில்லை. வெள்ளைக்காரன் முன்னால் இன்னும் எத்தனை நாள் இளிப்பது என்று கோபம். டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் அப்படிப் பேசியவர்தான். பிற்பாடு, 1979-ல் வெளிவந்த சுயசரிதையில், அதை மாற்றிக்கொண்டார். எந்த அவமானமும் தன் மகிழ்ச்சியைப் பறிக்க விடாத மனிதனின் சிரிப்பு அது என்று புரிந்துகொண்டதாக எழுதினார்.

மைல்ஸ் டேவிஸ் வேறு வழி எடுத்தார். மேடையில் சபையோருக்கு முதுகைக் காட்டினார். எனக்கு மைல்ஸின் இசைதான் அதிகம் பிடிக்கும், டிஸ்ஸியின் சகவாசம்தான் அதிகம் பிடிக்கும்.

டிஸ்ஸியின் டிரம்பெட் மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும், படங்களில் பார்த்திருப்பீர்கள். அது ஒரு நகைச்சுவை ஜோடியின் கைங்கரியம். 1953 ஜனவரி 6, நியூயார்க்கில் ஸ்னூக்கீஸ் என்ற இடம், டிஸ்ஸியின் மனைவி லொரெயினுக்குப் பிறந்தநாள் விருந்து. ஸ்டம்ப், ஸ்டம்ப்பி என்று ஆட்டமும் தமாஷுமாகப் பிழைத்த இருவர் அங்கே விளையாட்டாகத் தள்ளிக்கொண்டதில் ஒருவர் டிரம்பெட் மேல் விழுந்து அது வளைந்துபோனது. டிஸ்ஸி கோபப்படாமல் ஊதிப் பார்த்தார். சத்தம் காதுக்கு வசதியாக வந்தது. பிறகு அதே கோணத்தில் செய்யச் சொல்லி ஆர்டர் கொடுத்தார்! காமெடியன் மேலே விழுந்து ஜாஸுக்கு உருவம் கொடுத்தான் என்று யாராவது கதை கட்டினால் நம்பமாட்டோம். நடந்திருக்கிறது.

1956-ல் அமெரிக்க அரசு அவரை உலகம் சுற்ற அனுப்பியது. டாக்கா வரை வந்தார், கராச்சிக்குப் போனார், கல்கத்தா பட்டியலில் இல்லை. நேருவின் அணிசேராக் கொள்கையோடு அமெரிக்காவுக்கு இருந்த ஊடலில் ஒரு நல்ல கச்சேரி போயிற்று. வங்காளத்தின் மகா காமெடியன் பானு பந்தோபாத்யாய் பிறந்தது டாக்கா பக்கம். ஆனால் அவர் அதற்குள் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். இருவரும் ஒரே மேடையில் நின்றிருந்தால்? இப்படி எழுதிவைப்பதற்குத்தானே குறிப்பேடு.

*

கல்கத்தா ஜாஸில் சிரிக்க முடியாத பக்கமும் உண்டு. டெடி வெதர்ஃபோர்ட். சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங்கோடு ஒரே வாத்தியக் குழுவில் பியானோ வாசித்தவர். 1926-ல் ஆசியாவுக்குக் கப்பலேறி ஷாங்காய், பம்பாய் தாஜ் என்று சுற்றி, போர்க்காலத்தில் சௌரங்கியின் கிராண்ட் ஹோட்டலில் நிலைத்தார். ஊர் முழுக்க அமெரிக்கச் சிப்பாய்கள், இரவெல்லாம் நடனம். 1943-ல் அதே சௌரங்கி நடைபாதையில் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் சோறில்லாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஸ்விங், வெளியே கஞ்சிக்குக் கையேந்தும் குரல். 1945 ஏப்ரலில் வெதர்ஃபோர்டும் காலராவில் போனார். வயது நாற்பத்தொன்று.

*

போருக்குப் பிறகு பார்க் ஸ்ட்ரீட். டிரிங்காஸ், மொகாம்போ, மூலான் ரூஜ், ப்ளூ ஃபாக்ஸ். சௌரங்கிப் பக்கம் ஃபிர்ப்போஸ். பாடகி பாம் கிரெய்ன், கோவாவிலிருந்து வந்த சாக்ஸஃபோன்காரர் பிராஸ் கொன்சால்வெஸ், பெங்களூரில் பிறந்து கிதாரில் பீபாப் வாசித்த கார்ல்டன் கிட்டோ (2016-ல் காலமாகும்வரை இந்த ஊரை விடவில்லை), டார்ஜிலிங்கிலிருந்து இறங்கிவந்த நேபாளி பியானோக்காரர் லூயி பாங்க்ஸ். கடைசி ஆளின் இயற்பெயர் டம்பர் பகதூர் புடாபிரிதி. அப்பா டிரம்பெட் வாசித்தவர். புஷ்கர் பகதூராக இருந்தவர் ஜார்ஜ் பாங்க்ஸ் ஆனார். மகனுக்கு ஆம்ஸ்ட்ராங் பெயரை வைத்தார்.

இந்த இடங்களில் இசை மட்டும் நடக்கவில்லை. 'ஃப்ளோர் ஷோ' என்று ஒன்று உண்டு: ஒரு பாட்டு, ஒரு ஆட்டம், வித்தைக்காரன், நாலு ஜோக் சொல்பவன். எல்லாருக்கும் அடிப்பது அதே பாண்டு. இதில் டிரம்ஸ்காரர் பாடு தனி. பாடகி மூச்செடுக்கும் இடமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஜோக்கின் கடைசிச் சொல் விழும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். அரை நொடி முந்தி சிம்பலைத் தட்டினால் ஜோக் செத்தது. அரை நொடி பிந்தினால், சிரிக்கலாமா என்று ஜனங்கள் பக்கத்து மேஜையைப் பார்ப்பார்கள்.

நமக்கு இது புதிதா? மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வரும் கட்டத்தைப் பாருங்கள். மேடையோரம் ஆர்மோனியம், மிருதங்கம், அப்புறம் 'ஆல்ரவுண்ட்' என்று டிரம்மும் சிம்பலும் மணியுமாக ஒருவர். பபூன் ஜோக்கை ஜனங்களிடம் சொல்வதில்லை, பாதியை மிருதங்கக்காரரிடம் சொல்வான். "என்னண்ணே, நான் சொல்றது?" அண்ணன் வாயைத் திறக்கமாட்டார், மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பியில் ஒரு 'தொம்' கொடுப்பார். அந்த 'தொம்'முக்குத்தான் கொட்டகை அதிரும். கரகாட்டத்தில் நையாண்டி மேளம் இதையே தவிலில் செய்கிறது. பார்க் ஸ்ட்ரீட்டில் ஸ்காட்ச் விற்கும் விலைக்குச் செய்ததை நம் ஊரில் கோயில் கொடைக்கு விடியவிடியச் செய்தார்கள்.

*

ஜாஸுக்குள்ளேயே ஒளித்துவைத்த சிரிப்பு ஒன்று உண்டு. வாசித்துக்கொண்டே போகிறவர் திடீரென்று வேறு பாட்டிலிருந்து ஒரு வரியைச் செருகுவார். சோகப் பாட்டின் நடுவில் குழந்தைப் பாட்டு, காதல் பாட்டில் ராணுவ பாண்டு. தெரிந்தவன் சிரிப்பான். தெரியாதவன் பக்கத்தில் இருப்பவன் ஏன் சிரிக்கிறான் என்று விழிப்பான். சாக்ஸஃபோன்காரர் சார்லி பார்க்கர் ஒரு பெரிய ஓட்டம் ஓடி முடித்துவிட்டு, கடைசியில் ஒரு இங்கிலீஷ் கிராமியப் பாட்டின் துண்டை ஒட்டவைப்பார். கச்சேரியை அக்குளில் கிச்சுகிச்சு மூட்டி முடித்ததுபோல இருக்கும்.

மதுரை மணி ஐயர் கச்சேரியில் 'இங்கிலீஷ் நோட்டு' வரும் இடத்தை நினைத்துக்கொள்கிறேன். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் போட்டது. ராகம், நிரவல் எல்லாம் முடிந்து சபை கனத்துப்போயிருக்கும். அப்போது பாண்டு வாத்திய மெட்டில் ஸ்வரங்கள் கிளம்பும். பழைய ஒலிப்பதிவுகளில் அந்த இடத்தில் சபை கலகலப்பது காதில் விழும். பாகவதரும் ஐயரும் துரையைக் கிண்டல் செய்தார்களா, கொண்டாடினார்களா? கேட்டுப் பாருங்கள், இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

பால் டெஸ்மண்ட் இந்தக் கலையில் எமகாதகர். டேவ் புரூபெக் குழுவின் ஆல்ட்டோ சாக்ஸ். பாட்டுகளின் தலைப்புகளை நினைவில் வைத்துக்கொண்டு, அந்தந்த மெட்டின் துண்டுகளைக் கோத்து, மேடையிலேயே சகவாத்தியக்காரரோடு பேசுவார். வாய் பேசாத நக்கல்.

அந்தக் குழு 1958-ல் இந்தியா வந்தது. வந்துபோன சூட்டில் அதே ஆண்டு வெளியிட்ட தட்டில் ஒரு பாட்டுக்கு 'கல்கத்தா புளூஸ்' என்று பெயர். புரூபெக்கை ஸ்டாண்ட்-அப் காமெடிக்காரர்களும் கும்பிட வேண்டும். 1955-ல் கலிஃபோர்னியாவில் கார்மெல் ஊரில் அவர் கச்சேரிக்கு முன்னால் மேடையேறிப் பேசியவர் மோர்ட் சால். கையில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு, அன்றைய அரசியலைப் பிடித்து, அங்கிருந்து எங்கெங்கோ தாவித் திரும்பி வருவார். கர்நாடக சங்கீதக்காரர்கள் 'மனோதர்மம்' என்பார்களே, அதைப் பேச்சில் செய்தவர். அந்தப் பேச்சின் பதிவு பிறகு தட்டாக வந்தது. நவீன ஸ்டாண்ட்-அப்பின் முதல் தட்டு அதுதான் என்கிறார்கள். ஜாஸ் கேட்க வந்த கூட்டத்திடம் எடுபட்ட பேச்சு. வேறு கூட்டமாக இருந்தால் 'விஷயத்துக்கு வாப்பா' என்றிருக்கும்.

*

ஒரு சின்னக் கணக்கு. மிருதங்கத்தில் ஒரு சுற்றை முடிக்கும் சொற்கட்டான மோரா மூன்று முறை வரும். முதல் தடவை அறிமுகம், இரண்டாவது தடவை கேட்பவன் கை தானாகத் தட்டத் தொடங்கும், மூன்றாவது சமத்தில் வந்து விழும். ஜோக்கும் மூன்றுதான்: முதல் இரண்டும் ஒரே மாதிரி, மூன்றாவது காலை வாரும். மோரா எதிர்பார்த்த இடத்தில் விழுந்தால் சந்தோஷம். ஜோக் எதிர்பார்த்த இடத்தில் விழாவிட்டால் சந்தோஷம். நல்ல மிருதங்கக்காரர் இரண்டுக்கும் நடுவில் நிற்பார். தப்பான இடத்துக்குப் போவதுபோல பாவனை காட்டி, கடைசி மாத்திரையில் ஒழுங்காக வந்து சேருவார். அந்த நேரத்தில் மேடையில் வயலின்காரர் முகத்தைப் பாருங்கள். சிரிப்பார்.

ஜாஸ்காரர்கள் இதற்கு ஒன்று செய்வார்கள், நாம் செய்வதில்லை. நால்வரில் ஒருவர் தப்பினால் மற்ற மூவரும் அந்தத் தப்பை வாங்கித் திருப்பி வாசிப்பார்கள், அதுதான் பாட்டே என்பதுபோல. நம் மேடையில் தப்பினால் கண்டும் காணாததுபோல விபூதியைச் சரிசெய்துகொள்வார்கள்.

*

ஆம்ஸ்ட்ராங் 1926-ல் ஒரு பாட்டு பதிவானபோது பாட்டுத்தாள் கீழே விழுந்துவிட்டது, அதனால் வாய்க்கு வந்ததைப் பாடினார், 'ஸ்காட்' பிறந்தது என்று கதை. அதற்கு முன்பே அப்படிப் பாடியவர்கள் இருக்கிறார்கள். கதை நன்றாக இருப்பதால் விட்டுவிடுவதற்கு மனம் வருவதில்லை.

அதற்கு மூன்று ஆண்டு முன்பு இதே கல்கத்தாவில் வாய்க்கு வந்ததைப் பாடுவதற்கென்றே ஒரு புத்தகம் அச்சாகிக்கொண்டிருந்தது. சுகுமார் ராயின் 'ஆபோல் தாபோல்'. கறுப்புக் காய்ச்சலில் படுத்தபடியே வேலை பார்த்தார். 1923 செப்டம்பர் 10-ல் இறந்தார், புத்தகம் 19-ல் வந்தது. வங்காளிக் குழந்தைகளுக்கு இன்றும் மனப்பாடம். பொருளைக் கழற்றிவிட்டால் தாளம் தனியாக நின்று சிரிக்கும் என்பது இந்த ஊருக்கு ஜாஸ் இல்லாமலே தெரியும். நம் கொன்னக்கோலும் சந்தமும் அதே ஜாதி.

சுகுமார் போனபோது மகனுக்கு இரண்டு வயது. அந்த மகன்தான் சத்யஜித். அவருக்கு வருகிறேன்.

*

அதற்கு முன்னால் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

1952-ல் கல்கத்தாவில் 'பாஷேர் பாரி' என்று ஒரு படம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பாட்டுப் பைத்தியம், காதலிக்கிறவனுக்குப் பாட வராது. நண்பன் மறைவிலிருந்து பாட, இவன் வாயசைக்கிறான். பானு பந்தோபாத்யாய் நடித்தது, இசை சலில் சௌத்ரி. பின்னணிப் பாட்டு என்ற வியாபாரத்தையே கேலி செய்யும் கதை. திரையில் வாயசைப்பவர் பாடுகிறார் என்று ஊரே நம்பும்போது, கதாநாயகி நம்பினால் என்ன தப்பு? அடுத்த ஆண்டே தெலுங்கில் 'பக்கிண்டி அம்மாயி'. 1960-ல் தமிழில் 'அடுத்த வீட்டுப் பெண்': அஞ்சலி தேவி, டி.ஆர். ராமச்சந்திரன், தங்கவேலு, ஆதிநாராயண ராவ் இசை. பி.பி. ஸ்ரீநிவாஸின் குரல் அந்தப் படத்தில் ஒரு பட்டுத்துணி. அப்புறம் 1968-ல் இந்தியில் 'படோசன்'.

பம்பாய்க்குப் போனதும் கதையில் ஒரு ஆள் கொழுத்தார்: பாட்டு வாத்தியார். மெஹ்மூத், குடுமியும் விபூதியும் வேட்டியுமாக 'மாஸ்டர் பிள்ளை'. மதராஸி. கோமாளி. இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே பாட்டுப் போட்டி. அந்தப் பக்கம் சாஸ்திரீயமாகப் பாட மன்னா டே, இந்தப் பக்கம் முறையாக எதுவும் படிக்காத கிஷோர் குமார். இருவரும் வங்காளிகள், இசையமைத்த ஆர்.டி. பர்மனும் வங்காளி. போட்டிப் பாட்டின் வேர் 1941-ல் வந்த 'ஜூலா' படத்தில், கிஷோரின் அண்ணன் அசோக் குமார் பாடியது. ஒத்திகையில் இல்லாத சேஷ்டைகளையெல்லாம் கிஷோர் பதிவின்போது அவிழ்த்துவிட்டதாக மன்னா டே சொல்லியிருக்கிறார். பாட்டின் நடுவில் தாளம் உடைகிறது, சுருதி எங்கோ ஓடுகிறது, மாஸ்டர் திணறித் தோற்கிறார். இந்திய சினிமாவில் ஜாஸின் சண்டித்தனத்துக்கு இதைவிடக் கிட்டத்தில் வந்த பாட்டு எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் அதில் ஜாஸ் ஸ்வரமே கிடையாது.

என் வழக்கு இதுதான். கல்கத்தா ஆபீஸ்களில் தமிழனாக வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். டிஃபன் டப்பாவைத் திறந்தால் போதும், பக்கத்து மேஜையிலிருந்து மாஸ்டர் பிள்ளை குரலில் "ஐயையோ ஜீ" வரும். தலையை ஆட்டிக்கொண்டு நாமும் சிரிப்போம். கார்சன் பாடியபோது முன்வரிசையில் பாபுக்களும் சிலர் உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் சிரித்திருப்பார்கள். முஸ்தஃபி மாதிரி ஒருவர் நமக்கு அங்கே கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் எந்த முகத்தோடு ஏறுவார்? நம் படங்களில் சேட்டுகளுக்கும் நாயர்களுக்கும் நாம் பேசவைத்த தமிழைக் கேட்டால் அவர்களும் ஒரு வழக்கு வைத்திருப்பார்கள்.

ஆனாலும் அந்தப் பாட்டு வந்தால் நான் ரேடியோவை அணைப்பதில்லை. மன்னா டே தோற்கும் அழகுக்காகவே கேட்கலாம்.

*

1969-ல் தீர்ப்பு வந்தது. தந்தவர் சத்யஜித் ரே, படம் 'கூப்பி கைன் பாகா பைன்'. தாத்தா உபேந்திரகிஷோர் எழுதிய கதை. பாடத் தெரியாத கூப்பியும் கொட்டத் தெரியாத பாகாவும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுக் காட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். பேய்கள் வந்து ஆடுகின்றன. ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் ஆட்டம். வசனம் இல்லை, மெட்டும் இல்லை.

பேய்களுக்கு என்ன வாத்தியம் வைப்பது? டெல்லியில் திரைப்பட விழாத் தொடக்கத்தில் ரே ஒரு தாளவாத்தியக் கச்சேரி கேட்டிருந்தார். அது மனதில் தங்கிவிட்டது. அதிலிருந்து நான்கை எடுத்துக்கொண்டார். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங். பேய்களும் நான்கு வர்க்கம். ராஜாக்களுக்கு மிருதங்கம், ஏனென்றால் அது சாஸ்திரீயம். குடியானவர்களுக்குக் கஞ்சிரா. வெள்ளைக்காரத் துரைகளுக்கு விறைத்த சத்தமாகக் கடம். தொந்தி பெருத்த சேட்டு, பண்டிதர், பாதிரி கும்பலுக்கு மோர்சிங். துரைப் பேய்களை மட்டும் நொடிக்குப் பதினாறு பிரேம் வேகத்தில் படம் பிடித்தார். திரையில் அவர்கள் சாவி கொடுத்த பொம்மைகள்போல வெடுக்வெடுக்கென்று நடப்பார்கள்.

கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்தில் மிருதங்கம் சொல்லித்தரும் மாமா ஒருவரிடம் இதை போனில் காட்டினேன்.

"பேய்ப் படமா? ராத்திரி தூக்கம் போயிடும்டா."

"பாருங்கோ மாமா. ரே எடுத்தது."

மிருதங்கம் கிளம்பியதும் பேச்சு நின்றது. கை தொடைக்குப் போனது. ராஜாக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை, காது மட்டும் வேலை செய்தது. துரைகள் வந்தபோது புருவம் ஏறியது.

"இவாளுக்கு ஏன் கடம்?"

"விறைப்பா இருக்கறதாலயாம் மாமா."

"கடம் விறைப்பா? விக்கு வாசிச்சு உங்க ரே கேட்டிருக்கணும்."

தொந்திப் பேய்கள் வந்தன. மோர்சிங்கின் 'டொய்ங் டொய்ங்'குக்கு வயிறுகள் குலுங்கின. மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், இருமல் வரும்வரை.

"கச்சேரியிலே மோர்சிங்காரனைக் கடைசியிலே உக்காத்தி வெச்சு, போனாப் போறதுன்னு ரெண்டு நிமிஷம் குடுப்பா. இங்கே பாரு, தொப்பைக்காரன் பூரா அவன் கையிலே."

கடைசிப் பகுதியில் நான்கு வர்க்கமும் ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு அடுக்காகத் திரையில் ஆடுகின்றன. நான்கு வாத்தியமும் குறைப்பு செய்துகொண்டு, கோர்வை வைக்கும் அவசரத்தில் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஜாஸ் கிளப்பில் பின்னிரவில் டிரம்ஸுக்கும் சாக்ஸுக்கும் நடக்கும் அடிதடி இது, சாராயம் மட்டும் இல்லை. இதில் துரையும் கேலிக்கு ஆளாகிறான், சேட்டும் ஆளாகிறான், ராஜாவும் பாதிரியும் ஆளாகிறார்கள். மதராஸியை மட்டும் காணோம். அவன் திரைக்குப் பின்னால் வாசித்துக்கொண்டிருக்கிறான். படோசனுக்கு அடுத்த ஆண்டு!

ரேயின் குரலும் இதில் இருக்கிறது. பேய்களுக்கெல்லாம் தலைவனான பேய் ராஜாவின் குரல் அவருடையது, டேப்பை வேகப்படுத்தியது. ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர், அத்தனை கனத்த குரல், கொசு ரீங்காரமாக வருகிறது. உலகமே தூக்கிவைத்துக் கொண்டாடிய டைரக்டர் தன் குரலையே இப்படிச் செய்துகொண்டார்.

*

சந்திரபாபுவை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்து, அங்கே கேட்ட இசைத்தட்டுகளின் வாசனையோடு சென்னைக்கு வந்தவர். கிஷோர் யோடலிங் செய்த அதே காலத்தில் இவரும் செய்தார், கால்கள் வேறு ரப்பராக வளையும். என்.எஸ். கிருஷ்ணன் பாட்டில் சிரிப்பு சொல்லில் இருந்தது. சந்திரபாபுவுக்குத் தொண்டையிலேயே இருந்தது, சொல் வருவதற்கு முன்னாலேயே நாம் சிரித்துவிடுவோம். கிஷோரைக் கதாநாயகனாக்கி, பிறகு பாடகனாக்கி இந்திக்காரர்கள் காப்பாற்றிக்கொண்டார்கள். சந்திரபாபு நாற்பத்தாறு வயதில் போய்விட்டார்.

*

பார்க் ஸ்ட்ரீட்டுக்கு நம்மிடமிருந்து போனவர் உஷா ஐயர். இன்று உஷா உதூப். பம்பாயில் வளர்ந்த தமிழ்க் குடும்பம், அப்பா போலீஸ் அதிகாரி. பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்புக்கு இந்தக் குரல் ஒத்துவராது என்று வெளியே அனுப்பப்பட்டவர். 1969 வாக்கில் சென்னை மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் கட்டடத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' என்ற நைட் கிளப்பில் பாடத் தொடங்கினார். அங்கிருந்து டிரிங்காஸ்.

நைட் கிளப் பாடகி என்றால் எப்படி இருப்பாள் என்று ஒரு கணக்கோடு ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். விளக்கு விழும். காஞ்சிபுரம் பட்டு, தலையில் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. கல்யாணத்துக்கு வந்த சித்தி வழி தவறி ஏறிவிட்டதுபோல. மேஜைகளில் கிசுகிசுப்பு. அப்புறம் அந்தக் குரல் கிளம்பும், அடித்தொண்டையிலிருந்து, ஆண்குரலுக்குப் பக்கத்தில். முதல் வரியிலேயே கூட்டம் வாயைப் பிளந்து, அடுத்த வரியில் சிரித்து, மூன்றாவதில் கை தட்டும். மேலே சொன்ன மூன்று கணக்குதான். தன்னைப் பார்த்து யாரும் சிரிக்கத் தொடங்குவதற்கு முன்னால் அவரே சிரிப்பைத் தொடங்கிவைத்துவிடுவார். பாட்டுக்குப் பாட்டு நடுவில் மேஜைமேஜையாக வம்பு இழுப்பார், பிறந்தநாள்காரனை எழுப்பி நிறுத்துவார், வெட்கப்படுகிறவனைத் தாளம் போடவைப்பார். மாஸ்டர் பிள்ளையின் அதே விபூதிப் பிரதேசத்திலிருந்து வந்தவர்தான். இங்கே கோமாளியாக்க ஆள் வைக்க வேண்டியிருக்கவில்லை. ஜோக்கின் கயிறு அவர் கையிலேயே இருந்தது.

பொட்டு இருந்த இடத்தில் பிற்பாடு வங்காள எழுத்து 'க' ஏறிக்கொண்டது, கொல்கத்தாவுக்கு. 2024-ல் பத்மபூஷண்.

அவர் வந்து சேர்ந்தபோதே பார்க் ஸ்ட்ரீட்டுக்கு நேரம் சரியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நக்சல் காலம், மின்வெட்டு, கேளிக்கை வரி. நேரடி இசை வைத்தால் பில்லில் வரி ஏறும், வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். முதலாளிகள் பாண்டில் ஆளைக் குறைத்தார்கள், பிறகு பாண்டையே குறைத்து டேப்ரெக்கார்டர் வைத்தார்கள். ப்ளூ ஃபாக்ஸில் வாசித்துக்கொண்டிருந்த லூயி பாங்க்ஸை ஆர்.டி. பர்மன் பம்பாய்க்குக் கூட்டிப்போனார். ஃப்ளோர் ஷோவில் ஜோக் சொன்னவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இப்போது இந்த ஊரில் ஸ்டாண்ட்-அப் உண்டு, ஜாஸ் இரவுகளும் உண்டு, தனித்தனிச் சுவரொட்டிகளில். ஸ்டாண்ட்-அப் பையனுக்கு ஒரு மைக், ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர் பாட்டில். ஜோக் விழும் இடத்தில் சிம்பல் தட்ட ஆள் வேண்டாமா என்று ஒரு பையனிடம் கேட்டேன். "டிரம்ஸ்காரருக்கு யார் ஸார் குடுப்பாங்க? எனக்கே டிக்கெட்ல பாதிதான்" என்றான்.